சேதுராமன் பாதி, ரெஜிஸ் பாதி

என் அக்கா பெலிண்டாவின் கணவர் ரெஜிஸ் அத்தானைப் பற்றி யாராவது விசாரித்தால், "ரிட்டயர் ஆகி திருவெறும்பூரில் வீட்டோடு இருக்கிறார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று விளக்க ஆரம்பித்தால் கேட்கிறவர் வாட்சைப் பார்ப்பார். நானும் பல வருஷம் அப்படித்தான் பார்த்தேன். எனக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உத்தியோகம். கையால் பிடித்துத் தூக்கிப் பார்க்க முடிகிற பொருள் வெளியே வந்தால்தான் என் கணக்கில் அது வேலை.

இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று தோன்றுகிறது. கேட்கிறவர் வாட்சைப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

எண்பதுகளில் அத்தான் திருவெறும்பூர் ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே சீனியராக இருந்தவர் சேதுராமன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து கொடுத்தார். ஸ்பெக்ட்ரம் என்று பெயர். பாடப்புத்தகம் அளவு, கறுப்பு நிறம், மேலே ரப்பர் பட்டன்கள். டிவியில் மாட்டினால் எழுத்து தெரியும். டேப்ரிகார்டரில் மாட்டினால் எழுதியதைக் கேசட்டில் பதிந்து வைக்கலாம். பதியாமல் பிளக்கைப் பிடுங்கினால் எழுதியது எல்லாம் போய்விடும். இன்றைக்கு என் போனில் தினம் வந்து விழுகிற காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதன் மெமரிக்குள் அடங்காது.

அந்த மெஷினுக்கு இவர்கள் இருவரும் சொந்தமாக ஒரு மொழி எழுதக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டருக்கு எண்களைத் தவிர வேறு எதுவும் புரியாது. மனிதன் எழுதுகிற கட்டளையை எண்களாக மாற்றிக் கொடுக்க ஒரு புரோகிராம் வேண்டும். அதற்குப் பெயர் கம்பைலர். இவர்கள் மொழிக்குக் கம்பைலர் கிடையாது, இவர்கள்தான் எழுதவேண்டும், அதையும் எண் எண்ணாகவே எழுதவேண்டும். வேலையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எழுதிய வரியைப் படித்து, பிரித்து, என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்கிற முன் பாதி சேதுராமன் சாருக்கு. புரிந்துகொண்டதை எண்களாக்கித் தருகிற பின் பாதி அத்தானுக்கு. ஒரு பாதி இல்லாமல் மற்ற பாதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"இதை எழுதி என்ன அத்தான் கிடைக்கப்போகுது?" என்று அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"எங்க மொழியில ஒரே ஒரு வரி எழுதணும் ஜூட். அது ஓடணும். அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஒரு வரி அப்போது ஓடவில்லை. காரணம் அத்தான்தான். சேதுராமன் சாரின் பாதியில் ஒரு தப்பு இருப்பதைப் பார்த்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருத்திவிட்டார். திருத்தியது சரிதான் என்று இன்றுவரை சொல்கிறார். சரியோ தப்போ, சேதுராமன் சார் மறுநாள் மெஷினைத் துணியில் சுற்றி ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே செக்‌ஷனில் வருஷக்கணக்காக "குட் மார்னிங்" மட்டும் சொல்லிக்கொண்டு வேலை பார்த்தார்கள். சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். இவர்கள் மரியாதையாகப் பிரிந்தார்கள், அதனால் தீரவில்லை.

முப்பது வருஷம் கழித்து, இருவருமே ரிட்டயர் ஆன பிறகு, பழைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும்படி ஆயிற்று. "அந்த மெஷின் இன்னும் ஆத்துல இருக்கு ரெஜிஸ். வேலை செய்யறதான்னு பாக்கறேளா?" என்று சேதுராமன் சார் கேட்டாராம். அத்தான் அன்று வீட்டுக்கு வந்த வேகத்தை அக்கா போன மாதம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சொல்வதில்லை.

மெஷின் திருவெறும்பூர் வந்தது. அத்தான் சால்டரிங் வைத்து அதற்கு உயிர் கொடுத்தார். பழைய டிவி ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து மாட்டினார். வேலை மறுபடி தொடங்கும் முன் சேதுராமன் சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க பாதியை நான் பாக்கமாட்டேன். என் பாதியை நீங்க பாக்கப்படாது." அத்தான் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார்.

நன்றாகத்தான் போயிற்று. சேதுராமன் சார் வாரத்தில் ஒருநாள் பஸ் ஏறி வருவார். தன் பாதியைத் தானே உட்கார்ந்து அடிப்பார். அந்த நேரத்தில் அத்தான் வாசலில் போய் நிற்பார், டிவி பக்கம்கூடத் திரும்பமாட்டார். அக்காவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். மொழிக்கு என்ன பெயர் என்று அவள் கேட்டபோது, "முடியட்டும், அப்புறம் வைக்கலாம்" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்களாம்.

பிறகு காவேரிப் பாலத்தை ரிப்பேருக்காக மூடினார்கள். பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போயின. சேதுராமன் சாருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதனால் போனில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அவர் காகிதத்தில் பென்சிலால் எழுதி எண்களாக மாற்றி வைத்துக்கொள்வார். காலையில் பூஜை, பலகாரம் எல்லாம் முடிந்து ஒன்பது மணிவாக்கில் கூப்பிட்டு ஒரு பக்கம் படிப்பார். அத்தான் கேட்டுக் கேட்டு அடிப்பார். ஓர் எண் உள்ளே ஏறியதும் மெஷின் பீப் என்று ஒரு சத்தம் போடும்படி அத்தான் செய்து வைத்திருந்தார். அந்த பீப் கேட்டால்தான் சேதுராமன் சார் அடுத்த எண்ணைச் சொல்வார்.

ஆரம்பிக்கும்போது தினமும் ஒரே கேள்விதான். "ரெஜிஸ், இடம் இருக்கோ?"

"இருக்கு சார். சொல்லுங்க."

முடிக்கும்போதும் ஒரே வாக்கியம். "நாளைக்கு அடுத்த பக்கம்."

பாலம் திறந்த பிறகும் போன் பழக்கம் நிற்கவில்லை. அதுவே வசதியாக இருந்தது. அத்தான் காலைப் பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வந்து, காபி குடித்துவிட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்து போனுக்காகக் காத்திருப்பார். ஒரு நல்ல நாளில்கூட நான் அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், இடத்தில் வந்தது. சேதுராமன் சாரின் பாதி வளர்ந்துகொண்டே போயிற்று. மெஷினின் மெமரி வளரவில்லை. "சார், இன்னும் எவ்வளவு வரும்?" என்று அத்தான் ஒருமுறை கேட்டதற்கு, "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் கேட்பது அவர் பாதியில் மூக்கை நுழைப்பது ஆகும் என்று அத்தான் நினைத்தார். அதனால் தன் பாதியை வெட்டினார். முதலில் தசம எண்களை எடுத்தார். பிறகு வகுத்தல். பிறகு எழுத்துகளைச் சேர்த்துப் பிரிக்கிற வேலை. ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. தப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பகுதியைக் கடைசியாக வெட்டினார். வெட்டிக் குறைத்ததைப் பழைய கேசட் மேலேயே, பழசு அழிந்துபோகும்படி பதிந்தார்.

"பழசை ஒரு காப்பியாவது வச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இருந்தா மனசு மாறும். அப்புறம் சார்கிட்ட இடம் இல்லைன்னு சொல்லவேண்டி வரும்" என்றார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கேசட்டில் பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. மறுபடி ஏற்றிப் பார்த்தால் கடைசிப் பகுதி கெட்டுப்போயிருந்தது. எந்த இடத்திலிருந்து கெட்டிருக்கிறது என்று தெரிந்தால், அதற்கப்புறம் உள்ளதை மட்டும் திரும்பச் சொல்லும்படி சாரைக் கேட்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அவர் பாதியைத் திறந்து பார்க்கவேண்டும். இதை வைத்துக்கொண்டு அத்தான் இரண்டு நாள் சாப்பிடாமல் உழன்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பக்கத்தில் கே.கே. நகரிலுள்ள என் வீட்டிலிருந்து சாப்பிட வந்திருந்தேன். அக்கா என்னிடம், "நீயாவது சொல்லுடா, பார்த்தா என்ன குடியா முழுகிடும்" என்றாள். நான் சொன்னேன். அத்தான் டிவியைப் போட்டார்.

திரை நிறைய எண்கள். ஒரு திரைக்கு ஒரு பக்கம். பட்டனை அமுக்கினால் அடுத்த திரை வரும். அத்தான் கெட்டுப்போன பகுதியிலிருந்து பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். படிக்கக் கூடாது என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உருவம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இப்படியும் ஒரு மனுஷன். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எண்கள் ஒன்றும் புரியாது. ஆனால் கண் இருக்கிறது.

"அத்தான், டிவி மாட்டிக்கிச்சா?"

"ஏன்?"

"நீங்க அமுக்குறீங்க, அதே ஸ்க்ரீன்தானே வருது."

"இல்லையே, மேல நம்பர் மாறுது பாரு. அதுதான் இடத்தோட நம்பர்."

மேலே இருந்த நம்பர் மாறியது. கீழே இருந்தது மாறவில்லை. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு திரை பின்னால் போனார். இன்னொன்று போனார். 62, 0, 205 என்று ஆரம்பிக்கிற அதே பக்கம். அமுக்கிக்கொண்டே போனார். அதே பக்கம். வெட்டிக் கொடுத்த இடம் முழுக்க, மாதக்கணக்காக, ஒவ்வொரு காலையும் ஏறியது அந்த ஒரே பக்கம்தான்.

அக்கா சமையல்கட்டிலிருந்து வந்து நின்றாள். அத்தான் பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்குத் தோணுச்சு" என்றார். "இதைக் கேட்ட மாதிரி இருக்கேன்னு அடிக்கடி தோணுச்சு. எனக்குத்தான் மறதி ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சேன். பயந்துக்கிட்டு வெளியில சொல்லல."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். சில மாதங்களாக அவர் அவளை உட்காரவைத்து, பழைய டெலிபோன் நம்பர்களையெல்லாம் தன்னிடம் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பொழுதுபோகாமல் கேட்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அன்று சாயந்திரமே என் வண்டியில் ஸ்ரீரங்கம் போனோம். உத்தர வீதியில் மாடி வீடு. சேதுராமன் சாரின் மனைவி பூரணி மாமி கதவைத் திறந்தார். சார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண், தலை படிய வாரியிருந்தது. எந்தக் குறையும் தெரியவில்லை. எழுந்து நின்று அத்தானைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வாங்கோ சார். உக்காருங்கோ."

இத்தனை வருஷத்தில் அவர் அத்தானை சார் என்று கூப்பிட்டதே இல்லை. அத்தான் நின்றுகொண்டே இருந்தார்.

மாமி எங்களைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போய்ப் பேசினார். "மத்த பேப்பரைப் பாத்தா பதட்டமாயிடறார் ரெஜிஸ். கிழிச்சுப் போடறார். இந்த ஒண்ணைக் கொடுத்தா மட்டும் தெளிவாப் படிச்சு முடிச்சுட்டு, அன்னிக்குப் பூரா அமைதியா இருக்கார். அதான் மத்ததையெல்லாம் எடுத்து உள்ள வச்சுட்டு, இதையே தினம் மேஜைல வைக்கறேன்."

"எனக்குத் தெரியாது மாமி" என்றார் அத்தான்.

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாதா? வைகுண்ட ஏகாதசிக் கூட்டமெல்லாம் முடிஞ்சு வந்தேளே, அப்போ சொன்னேனே. அவர் முன்ன மாதிரி இல்லேன்னு. நீங்க, நமக்கெல்லாம் வயசாறது மாமின்னு சொன்னேள். நீங்க தெரிஞ்சுண்டுதான், அவருக்காகத் தினம் கேட்டுண்டிருக்கேள்னு நெனச்சுண்டிருந்தேன். பெருமாளே அனுப்பிவச்ச மனுஷர்னு சேவிச்சுண்டிருந்தேன்."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்னமும் ஆத்திரமாக இருக்கிறது. அவர் மேல் ஆத்திரப்பட என்ன இருக்கிறது, ஆனாலும் வருகிறது.

"ஆரம்பத்துல அவருக்கே தெரிஞ்சுது. கார்த்தால ஒண்ணும் புரியலேம்பார், மத்தியானம் நன்னா இருப்பார். டாக்டர்கிட்ட போலாம்னா கேக்கலை. எனக்கு என்னமோ ஆறது பூரணி, ஆனா கவலைப்படாதே, நான் தப்பாச் சொன்னா ரெஜிஸ் விடமாட்டார், கேக்காமயே திருத்தறவர், ஓடி வந்துடுவார்னு சொல்லுவார். ரொம்ப நாள் அதையே சொல்லிண்டிருந்தார்."

அத்தான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டார். கூடத்திலிருந்து சார், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது அத்தான் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. பஸ்கள் போகும்போது பாலம் லேசாக அதிர்ந்தது.

"மத்தியானம் நல்லா இருப்பாராம் ஜூட்" என்றார். "அப்பப் போயிருந்தா மிச்சத்தை அவர் வாயாலயே கேட்டு எழுதியிருக்கலாம். அவர் மண்டையில முழுசா இருந்துச்சு. தனக்கு என்னமோ ஆகுதுன்னு தினமும் போன் பண்ணி எனக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கார்."

நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவர் பாதியை ஒருவர் பார்க்காத அந்த மரியாதை மேல் கோபம், வாசலில் போய் நின்றதைப் பார்த்துச் சிரித்த எங்கள் மேல் கோபம். "விடுங்க அத்தான், வயசான காலத்துல ஒரு பொழுதுபோக்குதானே" என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அக்கா என்னை லீவு போட்டு வரச்சொன்னாள். அவரைத் தனியாக விடப் பயமாக இருக்கிறது என்றாள். நான் போனபோது அத்தான் கோவிலுக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெஷினைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். டிவி பிளக்கும் கழற்றியாகிவிட்டது. கேசட்டைக் காணோம். நான் கேட்கவில்லை. அதில் மிச்சம் என்ன இருந்தது, சேதுராமன் சாரின் பாதி முடியாதது, அத்தானின் பாதியோ அவரே வெட்டித் தீர்த்தது.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அக்கா எடுக்கப் போனாள். அத்தான் கையைக் காட்டித் தடுத்து, தானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெஜிஸ், இடம் இருக்கோ?"

அத்தான் அலமாரியைப் பார்த்தார்.

"இருக்கு சார்" என்றார். "நெறைய இருக்கு. சொல்லுங்க."

"அறுபத்திரெண்டு."

இங்கே ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. அங்கே மின்விசிறி சுற்றுவது கேட்டது. அத்தான், "அடிச்சிட்டேன் சார், அடுத்தது சொல்லுங்க" என்றார். சார் சொல்லவில்லை. பீப் கேட்கவில்லை, அதனால் காத்திருந்தார். நேரம் போயிற்று. பிறகு அந்தப் பக்கம் காகிதம் படபடக்கிற சத்தமும், "ஒண்ணும் இல்லே, இருங்கோ, இருங்கோ" என்று மாமி மெதுவாகச் சொல்வதும் கேட்டது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அத்தான்.

அலமாரியைத் திறந்து துணியைப் பிரித்தார். பிளக்கைச் செருகினார். டிவியை மாட்டவில்லை, கேசட் ஏற்றவில்லை. எண்களை வாங்கிக்கொண்டு பீப் அடிக்கிற அந்தச் சின்னப் புரோகிராமை மட்டும், திரையே இல்லாமல், மனப்பாடமாக அடித்தார். ஒருமுறை தப்பாகி முதலிலிருந்து அடித்தார். அதுவரை போனில் அவர்கள் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க சார்."

"அறுபத்திரெண்டு."

பீப்.

"சைபர்."

பீப்.

"எரநூத்தஞ்சு."

பீப். அத்தான் ஒவ்வொரு எண்ணையும் ஒழுங்காக அடித்தார். அடுத்த எண் எது என்று அவருக்கு இப்போது மனப்பாடம். சார் சொல்வதற்கு முன்னால் விரல் அந்தப் பட்டனுக்குப் போய் நின்றது. ஆனாலும் சார் சொல்லும்வரை காத்திருந்தே அமுக்கினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். பக்கம் முடியும்வரை நான் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு அடுத்த பக்கம்" என்றார் சேதுராமன் சார். குரல் நிம்மதியாக இருந்தது.

"சரி சார். வச்சிடட்டுமா" என்றார் அத்தான். போனை வைத்துவிட்டு, குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.